ஓய்வு நிலை, ஒரு நிமிடம்

பிப்ரவரி. தார்த்துவில் ஆறு உறைந்து கிடக்கிறது.
மூன்றாம் மாடி, கடைசி அறை.
எனக்கு வேலை தலைகளோடு.
அறுபத்து நான்கு துளையிட்ட ரப்பர் தொப்பியை மாட்டி
மோவாய்க்குக் கீழே பட்டியை இழுத்து
ஒவ்வொரு துளையிலும் மொட்டை ஊசியால்
குளிர்ந்த பசை விடுவேன்.
சிலர் சிலிர்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள்.
மண்டைக்குள் நடப்பது
நூலிழையாய் வெளியே கசியும்.
பிடித்து வரைவது கணினி,
கசிய விடுவது நான்.

அட்டவணையில் இரண்டே எண்கள்.
ஓவியர் என்றால் ஒன்று,
இல்லையென்றால் பூஜ்யம்.
பூஜ்யம் கிடைப்பதுதான் பாடு என்பார் காரெல்.
விளம்பரம் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும்
சின்ன வயதில் கொஞ்சம் வரைந்தவர்கள்.

காலையில் விர்வே.
செப்புத் தகட்டை அமிலத்தில் அரிக்கவிட்டுப் படம் எடுப்பவர்.
விரல் நுனியெல்லாம் பழுப்பு. எண் ஒன்று.
படங்கள் காட்டுவதற்கு முன்னால்
ஓய்வு நிலை, ஒரு நிமிடம்.
எதிரே வெறுஞ்சுவர்.
எதையும் யோசிக்க வேண்டாம், சும்மா பாருங்கள்
என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.
காற்று நின்ற ஏரிபோல்
அலைகள் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை.
பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று, காதோரம் ஒன்று
என்று கடுகு வெடிக்கிற வாணலி.
தாடையைக் கடிக்கிறீர்களா?
இல்லை.
கண்ணைச் சிமிட்டுகிறீர்களா?
இல்லை.
"யார் இதை வெள்ளை என்றது?" என்றார்.
"சன்னலோரம் மோர்.
ஹீட்டருக்கு மேலே சூடு ஏறி ஏறி
பிர்ச் மரத்தின் உள்தோல்.
அதோ, ஆணி பிடுங்கிய இடத்தில்
வேறு டப்பா, வேறு ஆள். இடக்கைக்காரன்.
சும்மா இருக்கச் சொல்லிவிட்டு
இதன் முன்னாலா உட்கார வைப்பது?"

பத்து வருடமாக இந்த அறையில் இருக்கிறேன்.
அங்கே ஆணி இருந்தது எனக்குத் தெரியாது.

பிற்பகல் எண்டெல்.
மர அறுவை ஆலையின் கணக்கர். பூஜ்யம்.
வரைவீர்களா?
"கோடு போடுவேன். கூட்டலுக்கு அடியில்."
அதே தொப்பி, அதே நாற்காலி, அதே சுவர்.
பத்தாவது விநாடியில்
அலைகள் நீண்டு, உருண்டு,
கரைக்கு வர அவசரமில்லாத கடல்.
எவ்வளவு சுத்தம் பார் என்று
காரெல் திரையைத் தட்டினார்.
நான் பார்த்தது கைகளை.
மடியில் மல்லாந்து, விரல் விரிந்து
யாருக்கும் எதுவும் தர வேண்டாத கைகள்.

நிமிடம் முடிந்தது என்றேன்.
காதில் விழவில்லை.
மறுபடி சொன்னேன்.
"இன்னும் ஒரு நிமிடம் கிடைக்குமா?
ஆகஸ்டிலிருந்து..."
நிறுத்திக்கொண்டார்.
ஆகஸ்டுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பதிவை நிறுத்திவிட்டு
மூன்று நிமிடம் கொடுத்தேன்.

இரண்டு தலையையும் நான்தான் அலசினேன்.
பசை போக இரண்டு முறை ஷாம்பூ போட வேண்டும்.
காலையில் விர்வே
நுரையோடு நிமிர்ந்து கேட்டிருந்தார்:
"எல்லாருக்கும் இப்படித்தானா?
அணைக்கிற சுவிட்ச் யாருக்காவது இருக்கிறதா?"
முடிவுகளைச் சொல்லக்கூடாது என்பது விதி.
துண்டைக் கொடுத்தேன்.

மாலை காரெல் இரண்டு நிறத்தில் கம்பங்கள் எழுப்பினார்.
படம் பார்க்கையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.
வித்தியாசம் எல்லாம்
யாரும் எதுவும் செய்யாத
அந்த ஒரு நிமிடத்தில்.
சரியாகப் பசை விட்டாயா என்று என்னைக் கேட்டார்.
விட்டேன்.

அவர் போன பிறகு
தொப்பியை என் தலையில் மாட்டினேன்.
ஒயர் சோதனைக்கு அவ்வப்போது செய்வதுதான்.
சுவரைப் பார்த்தேன். மோர். பிர்ச்.
ஆணி இருந்த இடம்.
சும்மா இரு என்று எனக்கே சொன்னேன்.
எழுந்துவிட்டேன்.
ஒயர் எட்டும் தூரம் போய்
விரலால் தடவினேன்.
தூரிகைத் தடம் சாய்ந்திருப்பது
இடப்பக்கம்தான்.

குழு எண்? என்று கணினி கேட்டது.
கட்டத்தில் குச்சி மினுக்கி மினுக்கி நின்றது.
தொப்பியைக் கழற்றி வாளியில் ஊறப் போட்டேன்.
கீழே கடைசிப் பேருந்து திரும்புகிற சத்தம்.
தலையில் பசை காயத் தொடங்கியிருந்தது.